போர்டு இல்லாத ஜீப் பட்டறை: தேவகோட்டை ரஸ்தா டிங்கர் வேலை எப்படி?

பழைய ஜீப்பை வீட்டுக் கொட்டகையில் வைத்துத் தாமே புதுப்பிக்கிறவர்கள் காரைக்குடி வட்டாரத்தில் இப்போது கொஞ்சம் பேர் இருக்கிறோம். இன்ஜினுக்கு மெக்கானிக் கிடைத்துவிடுகிறார். கியர்பாக்ஸைப் பிரித்துக் கோக்கவும் ஆள் உண்டு. தகடு வேலையை மனசாட்சியோடு செய்கிற ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. தேவகோட்டை ரஸ்தா என்கிற ஊரில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, வேப்பமரத்தடியில், பெயர்ப்பலகை கூட இல்லாமல் ஒரு டிங்கர் பட்டறை இருக்கிறது. எங்கள் ஜீப்பின் பாடி வேலை முழுவதையும் அங்கிருக்கும் பெரியவரிடம் கொடுத்தேன். ஒரு மழைக்காலம் போன பிறகு எழுதினால்தான் நியாயமாக இருக்கும் என்று இதுவரை காத்திருந்தேன். தகடு வெட்டிப் பற்றவைக்கும் வேலைக்கு அவரை முழுதாக நம்பலாம். பெயிண்ட் வேலையை அவரிடம் கொடுக்க வேண்டாம். இந்தத் தேதிக்குள் வண்டி வெளியே வந்தாக வேண்டும் என்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எங்கள் வண்டி மஹிந்திரா சி.ஜே.3பி, 1974 பதிவு, பெட்ரோல். அப்பச்சி, அதாவது என் அப்பா, வாங்கியது. கண்டனூரிலிருந்து வயலுக்கும் கண்மாய்க்கரைக்கும், மீன் வாங்கத் தொண்டிக்கும் அதில்தான் போவார். அவர் காலமான பிறகு வண்டி வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் நின்றுவிட்டது. எங்கள் பக்கத்து வீடுகளுக்கு ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். அந்தப் பின்வாசல் வழியாக ஜீப் தாராளமாக உள்ளே வரும். முன்பு மாட்டு வண்டி நின்ற இடம்தான். நான் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு அந்தக் கொட்டகையில் ஒரு பெஞ்ச், ஒரு வைஸ், செயின் பிளாக் தொங்கவிட ஓர் இரும்புச் சட்டம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். பிரிப்பது, கழுவுவது, துரு எடுப்பது, வயரிங், பிரேக் பைப் எல்லாம் என் கையால் நடந்தவை. தகட்டுக்கு மட்டும் தெரிந்த கை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

இந்த மாடலைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி 1953-ல் கொண்டுவந்தது சி.ஜே.3பி. இதில் வைத்த ஹரிக்கேன் இன்ஜின் 2.2 லிட்டர், நாலு சிலிண்டர். இன்டேக் வால்வு மேலே ஹெட்டிலும், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கிலும் இருக்கும். முந்தைய இன்ஜினைவிட உயரமானது என்பதால் பழைய பானட்டுக்குள் அடங்கவில்லை. கிரில்லையும் பானட்டையும் சேர்த்து உயர்த்திவிட்டார்கள். இந்த ஜீப் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பதற்கு அதுதான் காரணம். அமெரிக்காவில் 1968-ல் இதை நிறுத்திவிட்டார்கள். மஹிந்திரா அதற்குப் பிறகும் பல வருஷம் செய்தது. அந்தப் புண்ணியத்தில் நம் ஊரில் இன்னும் பார்ட்ஸ் கிடைக்கிறது.

டிங்கர் வேலைக்கு இந்த வண்டியில் ஒரு வசதியும் உண்டு, ஒரு சங்கடமும் உண்டு. கதவு கிடையாது, வளைவு குறைவு, பெரும்பாலும் தட்டையான தகடு. அதனால் வெட்டி மடக்குவது எளிது. ஆனால் தட்டைத் தகட்டில் வெல்டிங் சூடு பட்டுச் சின்ன நெளிவு வந்தாலும் வெயிலில் பளிச்சென்று தெரியும். வளைந்த மட்கார்டு உள்ள காரில் அதை மறைக்கலாம். ஜீப்பின் பக்கவாட்டில் மறைக்க இடமே இல்லை.

எங்கள் வண்டியில் துரு பிடித்திருந்த இடங்கள்: கால் வைக்கும் தரை, சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க் உட்காரும் பள்ளம், டூல் பாக்ஸின் அடி, தரைக்குக் கீழே பாடியைத் தாங்கும் தொப்பி வடிவச் சேனல்கள். இந்தச் சேனல்கள்தான் பழைய ஜீப்புகளுக்கு எமன். செம்மண் சேறு உள்ளே போனால் வெளியே வர வழி இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறினால் மாசியில்தான் காயும். மேலே பெயிண்ட் நன்றாக இருக்கும். உள்ளே தகடு அப்பளமாக நொறுங்கும்.

முதலில் வேறோர் இடத்தில் காட்டினேன். “பழைய தகட்டு மேலேயே புதுசை வச்சுப் பத்தவச்சிடலாம், பட்டி போட்டுத் தேச்சா ஒண்ணும் தெரியாது” என்றார்கள். பட்டி என்பது மேடு பள்ளத்தை நிரவப் பூசுகிற பசை. நம் பக்கத்தில் பரவலாக நடக்கிற முறை இதுதான், அதனால்தான் இரண்டு மூன்று வருஷத்தில் அதே இடத்தில் பெயிண்ட் கொப்பளிக்கிறது. இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஈரம் தேங்கும். இடுக்கின் உள்ளே ஆக்ஸிஜன் குறைவு, விளிம்பில் அதிகம். அந்த வித்தியாசமே ஒரு மின்கலமாக வேலை செய்து, ஆக்ஸிஜன் குறைந்த பக்கத்து இரும்பைக் கரைக்கும். துரு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேகமாகப் பரவுவது இதனால்தான். இன்னொரு நண்பர், ஹரியானாவின் டப்வாலியில் ஜீப்புக்குப் புது பாடியே விற்கிறார்கள், வாங்கி மாட்டிவிடலாம் என்றார். ஜீப் கட்டுவதற்குப் பேர் போன ஊர் அது. தரை, பக்கம் எல்லாமே போய்விட்ட வண்டிக்கு அது சரியான வழிதான். எங்கள் வண்டியில் முக்கால்வாசித் தகடு நல்ல நிலையில் இருந்தது. அப்பச்சி தோள்பட்டு வழவழப்பான அந்தப் பக்கத் தகட்டைக் கழற்றிப் போட எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம்தான் ரஸ்தா பெரியவரைப் பற்றித் தெரிந்தது. பள்ளி வேன், டிராக்டர் மட்கார்டு, மினி லாரி கேபின் என்று எல்லாம் செய்பவர். ஜீப் என்றால் தனிப் பிரியம். கண்டனூருக்கு வந்து வண்டியைப் பார்த்தார். பேசவே இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து அங்குலம் அங்குலமாக ஒட்டிப் பார்த்தார். காந்தம் பிடிக்காத இடத்தில் பழைய பட்டி தடிமனாக இருக்கிறது என்று அர்த்தம். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிச் சத்தம் கேட்டார். பிறகு சாக்பீஸால் மூன்று விதமாகக் குறி போட்டார்: வட்டம் போட்ட இடம் அப்படியே இருக்கட்டும், கோடு போட்ட இடத்தில் துண்டு வைக்கணும், பெருக்கல் குறி போட்ட இடத்தை அறுத்து எடுக்கணும்.

“ஆச்சி, பட்டியையும் சேத்தையும் நீங்களே சுரண்டி எடுத்திடுங்க. அதுக்கு எனக்குக் கூலி கொடுத்தா உங்க காசுதான் வீணாப் போகும். சுரண்டினப்புறம் என் கோட்டை விடக் கூடத்தான் போகும், குறையாது. பயப்படாதீங்க” என்றார்.

அவர் சொன்னபடிதான் ஆயிற்று. டேங்க் பள்ளத்தில் வட்டம் போட்டிருந்த ஓர் இடம், சுரண்டியதும் சல்லடையாகிவிட்டது. போனில் சொன்னேன். அடுத்த முறை வந்தபோது வட்டத்தை அழித்துப் பெருக்கல் குறி போட்டார். வேலை தொடங்கும் முன்பே உண்மையைச் சொல்கிற, உண்மை மாறும்போது குறியையும் மாற்றுகிற ஆள் என்பது அப்போதே எனக்குப் பிடித்துப் போயிற்று.

வீட்டில் வேலை செய்கிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் துரு எடுத்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கழற்றக்கூடிய சாமான்களை, அதாவது கீல்கள், பிராக்கெட்டுகள், கண்ணாடிச் சட்டத்தின் பாகங்கள், டூல் பாக்ஸ் மூடி எல்லாவற்றையும், மின்னாற்பகுப்பு முறையில் சுத்தம் செய்தேன். பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், அதில் சலவைச் சோடா. துருப்பிடித்த சாமான் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவில். பாசிட்டிவில் சாதாரண இரும்புத் தகடு. 12 வோல்ட் போதும். குமிழ் குமிழாக வந்து துரு கழன்று கறுப்புச் சேறாகிவிடும். நல்ல இரும்பு கரையாது. ஆசிட் முறையைவிட இதை நான் விரும்புவது அதற்காகத்தான். மூன்று விஷயத்தில் கவனம் வேண்டும். பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் வைக்கவே கூடாது. அதிலிருக்கும் குரோமியம் நச்சாகக் கரைந்து தண்ணீரில் கலந்துவிடும். வெளிவருகிற வாயுவில் ஹைட்ரஜன் இருக்கிறது, எனவே திறந்தவெளியில் வைக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. ஸ்பிரிங் பட்டை, உறுதி கூடிய போல்ட் போன்ற கடின எஃகைப் போடக் கூடாது. ஹைட்ரஜன் உள்ளே ஏறினால் எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வெளியே எடுத்ததும் கழுவி உடனே காயவைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். விட்டால் மறுநாளே செந்நிறம் பூத்துவிடும்.

டிரம்மில் போட முடியாத பாடிக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைத் தடவினேன். துரு இரும்பு பாஸ்பேட்டாக மாறிச் சாம்பல் நிறமாகும். சந்துகளில் டானின் கலந்த வகை. அது பூசிய இடம் நீலம் கலந்த கறுப்பாக மாறியதைப் பெரியவர் உன்னிப்பாகப் பார்த்தார். “கடுக்காய் ஊறின தண்ணி பட்டா இரும்பு கறுக்குமே, அதானே ஆச்சி இது?” என்று கேட்டார். அதேதான். கடுக்காயில் இருப்பதும் டானின்தான். இத்தனை வருஷம் வகுப்பில் நடத்தியதில் இவ்வளவு சரியான கேள்வி அபூர்வமாகத்தான் வந்திருக்கிறது.

இரும்பின் துருவை ஆராய்கிற நிறுவனமே நம் காரைக்குடியில் இருக்கிறது. சிக்ரி என்று நாங்கள் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். உலோக அரிப்பைத் தடுப்பது அங்கே நடக்கும் முக்கிய ஆய்வுகளில் ஒன்று. என் மாணவிகளை அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றுவதை அங்கே விளக்கியபோது நின்று கேட்டவள் நான். பெரியவரிடம் நான் வைத்த ஒரே நிபந்தனையும் அதைப் பற்றியதுதான்: இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று படிகிற எந்த இடத்திலும், பற்றவைக்கும் முன் துத்தநாகப் பிரைமர் அடிக்க வேண்டும். அவருக்கு அது பழக்கமில்லை. இருந்தாலும் மறுக்கவில்லை. “டப்பாவை வாங்கிக் கொடுத்திடுங்க, அடிக்கிறதுக்கு என்ன” என்றார்.

இனி அவருடைய வேலை. பக்கத் தகட்டையும் கிரில்லையும் பானட்டையும் பட்டறைக்கு எடுத்துப் போனார். தரை வேலையை எங்கள் கொட்டகையிலேயே செய்தார். பாடி சேஸில் உட்கார்ந்திருக்கும்போதுதான் தரையை அறுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அறுப்பதற்கு முன் பாடிக்கு உள்ளே குறுக்காகவும் மூலைவாட்டமாகவும் ஆங்கிள் இரும்பு வைத்துப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்தார். தரைதான் ஜீப் பாடியை விறைப்பாக வைத்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் அகலும் அல்லது சாயும், பிறகு முன்கண்ணாடிச் சட்டம் உட்காராது. மூலைக்கு மூலை டேப் பிடித்து அளவெடுத்துச் சுவரில் எழுதிவைத்தார். டேப்பின் மறுமுனையைப் பிடித்தது நான். தரையை மாற்றி முடித்துத் திரும்ப அளந்தபோது ஒரு நூல் கூட மாறவில்லை.

பக்கத் தகட்டுக்கு 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டர், தரைக்கு 16 கேஜ், 1.6 மில்லிமீட்டர். வெட்டிய இடத்தில் புதுத் துண்டை மேலே ஏற்றி வைக்காமல் விளிம்போடு விளிம்பு சேர்த்து, சி.ஓ.2 வெல்டிங்கில் பற்றவைத்தார். இழுத்துக்கொண்டே போகவில்லை. ஒரு புள்ளி இங்கே, அடுத்த புள்ளி ஒரு சாண் தள்ளி, அதற்கடுத்தது எதிர் முனையில். நடுவில் கையால் தொட்டுப் பார்த்து, சூடு ஆறும்வரை டீ குடித்தார். தகடு நெளியாமல் இருக்க இந்தப் பொறுமை ஒன்றுதான் வழி. அவசரப்படுகிற பட்டறையில் இதை எதிர்பார்க்க முடியாது. பிறகு பின்பக்கம் டாலி என்கிற இரும்புக் கட்டியைப் பிடித்து, முன்பக்கம் சுத்தியலால் வெல்டை மெல்லத் தட்டிப் பரத்தினார். அவருடைய அக்கா மகன் கிரைண்டரில் தேய்த்தார். அதற்கு மேல் பட்டி பெயருக்குத்தான் தேவைப்பட்டது. இப்போதும் வண்டியின் எந்த இடத்தில் காந்தத்தை வைத்தாலும் கவ்விப் பிடிக்கிறது.

வீட்டில் வெல்டிங் செய்யப் போகிறவர்கள் மின்சாரத்தை யோசிக்க வேண்டும். எங்கள் கொட்டகைக்குப் பழைய வயரில் சிங்கிள் பேஸ் வந்துகொண்டிருந்தது. மெஷினை ஓட்டிப் பார்த்ததுமே வீட்டு விளக்குகள் மங்கின. எலக்ட்ரீஷியனை வைத்து மீட்டர் பலகையிலிருந்து தனித் தடிமன் கேபிளும் தனி எம்.சி.பி.யும் போட்ட பிறகுதான் பெரியவர் வேலையைத் தொடங்கினார். தேக்குத் தூணும் மர உத்தரமும் உள்ள வீடு. கட்டுக்குள் ஒரு பொறி கூடப் பறக்கக் கூடாது என்று நான் சொல்லும் முன்பே, அவர் ஈரச் சாக்கும் இரண்டு வாளித் தண்ணீரும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

தரை விஷயத்தில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் வந்தது. எல்லோரும் இப்போது ஜீப் தரைக்குப் புள்ளி போட்ட செக்கர் பிளேட் கேட்கிறார்கள், போட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்பது அவர் பக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாரம் கூடும், புள்ளிகளுக்கு நடுவில் தண்ணீர் நிற்கும், எல்லாவற்றுக்கும் மேலாக அது இந்த வண்டியின் தரை இல்லை. பழைய தரையில் நீளவாக்கில் புடைத்த வரிகள் இருந்தன. மெல்லிய தகட்டுக்கு விறைப்புக் கொடுப்பது அந்த வரிகள்தான். அதேபோல வேண்டும் என்றேன். “அது பிரஸ்ஸுல அடிக்கிறது ஆச்சி, கையில வராது” என்றார். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு புளியங்கட்டையோடு வந்தார். அதில் பழைய வரியின் அளவுக்கு ஒரு பள்ளம் செதுக்கியிருந்தார். தகட்டை அதன்மேல் வைத்து, உருட்டுக் கம்பியைப் பள்ளத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சின்னச் சின்ன அடியாக அடித்துக்கொண்டே போனார். ஒரே முறையில் ஆழம் எடுக்கவில்லை; பலமுறை போய்வந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். தகடு கிழியாமல், சுற்றிலும் சுருங்காமல் வரி எழுந்தது. முனையில் வரி முடிகிற வட்டம்கூடப் பழையதைப் போலவே இருந்தது. பழைய தரைத் துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த ஒன்றுக்காகவே அவரை எல்லோரிடமும் சொல்வேன். தெரியாது என்று சொன்ன வேலையை வீட்டுக்குப் போய் யோசித்து, அதற்கு ஒரு கட்டையும் செய்துகொண்டு வந்தவர் அவர்.

சேனல்களையும் புதிதாக மடக்கினார். இரண்டு முனையையும் மூடிவிடாமல், தண்ணீர் இறங்க அடியில் துளை போட்டார். இது என் யோசனை இல்லை, அவருடையது. “கம்பெனிக்காரன் போட்ட துளை சின்னது, சேறு அடைச்சுக்கும். விரல் போற அளவு இருக்கட்டும், வருஷத்துக்கு ஒரு தடவை நீங்களே பைப்பை விட்டுக் கழுவிடலாம்” என்றார். உள்ளே பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றச் சொன்னார், நான் மெழுகு வகை ஸ்பிரே அடித்துக்கொண்டேன். ஆயில் ரப்பர் புஷ்களைக் கெடுக்கும்.

பெட்ரோல் டேங்கில் ஊசித் துளை இருந்தது. இதில் அவர் நடந்துகொண்ட விதத்தை எல்லாப் பட்டறைகளும் பின்பற்றினால் நல்லது. காலி டேங்க் என்றாலும் உள்ளே ஆவி இருக்கும். நெருப்பைக் காட்டினால் வெடிக்கும். சோப்புத் தண்ணீரில் பலமுறை கழுவி, வெயிலில் திறந்து காயப்போட்டு, துளைக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டு, வெல்டிங் நெருப்பே காட்டாமல் சூடான இரும்பால் ஈயம் வைத்து அடைத்தார். எங்கள் கொட்டகையில் அதைச் செய்ய மறுத்து, பட்டறைக்கு வெளியே பொட்டலில் வைத்துத்தான் செய்தார்.

சேஸில் ஒரு பக்கம் லேசான விரிசல் இருந்தது. அதையும் தட்டு வைத்துப் பலப்படுத்தினார். சேஸ் நம்பர் பொறித்த இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் கிரைண்டரையே கொண்டுபோகவில்லை. அந்த இடத்தில் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் வேலை பார்த்தார். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது உயிர்நாடி. சொந்த வண்டிக்கு 15 வருஷத்துக்குப் பிறகு, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். நம்பர் தெளிவாக இல்லை என்றால் அங்கேயே நின்றுவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.சி.யில் உள்ள கம்பெனி விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றவும் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான வீல்பேஸைக் கூட்டித் தரச் சொல்லி வந்த ஒருவரை அவர் திருப்பி அனுப்பியதை நான் நேரில் பார்த்தேன்.

மழைக்காலத்துக்கு வருகிறேன். வடகிழக்குப் பருவமழையில் வண்டியை வேண்டுமென்றே வெளியே எடுத்தேன். கண்மாய்க்கரைச் சேறு, ஊருணிப் பக்கத்துத் தேங்கிய தண்ணீர் எல்லாவற்றிலும் ஓட்டினேன். தை பிறந்ததும் தரை விரிப்பைத் தூக்கி, சேனல் துளைகளில் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெல்டிங் வரிகளில் எங்கும் துரு இல்லை. ஓர் இடத்தில் மட்டும், பின் சக்கரத்துக்கு மேலே உள்ள பெட்டியின் மூலையில், தகடு சேரும் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே கசிந்திருந்தது. அதற்குக் காரணம் உண்டு.

அவர் சீலன்ட் போடுவதில்லை. தகடு சேர்கிற ஒவ்வொரு மடிப்பிலும் ரப்பர் பசை போன்ற சீலன்டை இழுத்துவிட வேண்டும் என்பது அவர் பழக்கத்திலேயே கிடையாது. பட்டியால் அடைத்துவிடுகிறார், வண்டி குலுங்கும்போது பட்டி விரிசல் விடும். தரை முழுக்க நானே சீலன்ட் போட்டேன். அந்தப் பெட்டி பட்டறையிலேயே முடிந்து வந்ததால் பட்டியோடு இருந்துவிட்டது. அவரிடம் கொடுப்பவர்கள் பட்டி பார்க்கும் முன்பே மடிப்புகளுக்குச் சீலன்ட் கேட்டு வாங்க வேண்டும், டியூபையும் கையில் கொடுத்துவிட வேண்டும்.

பெயிண்ட் அடிப்பது அவருக்குத் தெரியும், ஆனால் அவர் பட்டறை அதற்கான இடம் இல்லை. நாலு பக்கமும் திறந்த கொட்டகை, எதிரே செம்மண் பாதை. ஒரு வேன் போனால் போதும், ஈரப் பெயிண்டில் புழுதி படிந்துவிடும். அவர் அடித்த ஒரு டிராக்டர் பானட்டைத் தடவிப் பார்த்தேன், சொரசொரவென்று இருந்தது. எபாக்ஸி பிரைமரை நான் வீட்டிலேயே அடித்துவிட்டு, மேல் பெயிண்டுக்கு வண்டியை மூடிய பூத் உள்ள இடத்துக்குக் கொண்டுபோனேன். இரண்டு பாகம் கலக்கும் பி.யூ. பெயிண்டை வீட்டில் சாதாரண முகக்கவசத்தோடு அடிக்க வேண்டாம். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கெடுதல். வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி வேண்டும். நிறத்தை மாற்ற நினைப்பவர்கள் அதை ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். நான் பழைய பச்சையையே வைத்துக்கொண்டேன்.

நேரம்தான் அவரிடம் எனக்குள்ள பெரிய மனக்குறை. வருவேன் என்ற நாளில் வராமல், அடுத்த வாரமும் வராமல், போனையும் எடுக்காமல் இருந்தது பலமுறை நடந்தது. மே மாதத்தில் பள்ளி வாகனங்களை ஆர்.டி.ஓ. ஆய்வுக்குக் காட்ட வேண்டும் என்பதால் வேன்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். அப்போது நம் ஜீப் மூலையில் கிடக்கும். தை மாதம் பழனிக்கு நடந்து போகிறவர், அந்த நாட்களில் பட்டறை பூட்டியிருக்கும். அதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. வரவில்லை என்றால் ஒரு போன் செய்து சொல்லலாம் என்பதுதான் என் வருத்தம். அவரிடமே சொல்லியும் விட்டேன். சிரித்துக்கொண்டார், மாறவில்லை.

இன்னொன்று, அவரும் அவர் அக்கா மகனும் கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் கிரைண்டர் பிடிக்கிறார்கள். எங்கள் கொட்டகையில் வேலை செய்யும்போது கண்ணாடியும் கையுறையும் வாங்கிக் கொடுத்து, போட்டால்தான் ஸ்விட்சைப் போடுவேன் என்றேன். இளையவர் இப்போது பட்டறையிலும் போடுகிறார்.

பில் கிடையாது, முன்கூட்டி மதிப்பீடும் கிடையாது. நாள் கூலி: பெரியவருக்கு 1,500 ரூபாய், இளையவருக்கு 800. தகடு, வெல்டிங் கம்பி, கேஸ், டிஸ்க் எல்லாம் நம் செலவு. வீட்டுக்கு வந்தால் மதியச் சாப்பாடு போட்டுவிட வேண்டும். எனக்குத் தகடு வேலைக்கு மட்டும் சாமானோடு சேர்த்து 90 ஆயிரத்தை ஒட்டி ஆயிற்று. பட்டி பூசி ஏமாற்றும் வேலையை விட இது அதிகம்தான். ஒரு நோட்டுப் போட்டு அன்றன்றைக்கு எழுதி அவரிடமும் காட்டிவிட்டால் கணக்கில் சிக்கல் வராது. கொடுத்த காசை மறந்து திரும்பக் கேட்கிற ஆள் அவர் இல்லை. மிஞ்சிய தகட்டுத் துண்டுகளையும் கட்டி என்னிடமே கொடுத்துவிட்டார்.

போக நினைப்பவர்கள் ரஸ்தா ரயில் நிலையப் பக்கம் யாரிடமும் ஜீப் பட்டறை என்று கேட்டால் வழி காட்டுவார்கள். காலையில் போங்கள், மத்தியானத்துக்கு மேல் அவர் வெளிவேலைக்குப் போய்விடுகிறார். போட்டோ காட்டினால் பதில் சொல்ல மாட்டார். வண்டியைப் பார்த்தால்தான் வாய் திறப்பார். கூப்பிடும் முன் தரை விரிப்பு, சீட், டேங்க் எல்லாவற்றையும் கழற்றி, சேற்றைக் கழுவி, பட்டியைச் சுரண்டி வைத்துவிடுங்கள். சித்திரை, வைகாசியில் கேட்க வேண்டாம். ஆனியில் போய்ப் பேசினால் மழைக்கு முன் தகடு வேலையாவது முடிந்துவிடும்.